கடினக் கோளங்களும் ஒரு முழு எண் ஊகமும்

திரவங்களைப் பற்றிய கோட்பாட்டில் கடினக் கோளப் பாய்மத்தைவிட எளிய மாதிரி ஒன்றைக் கற்பனை செய்வது கடினம். ஒரே விட்டமுள்ள எண்ணற்ற கோளங்கள். ஒன்று மற்றொன்றுக்குள் நுழைய முடியாது. தொட்டுக்கொள்ளாதவரை ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. கவர்ச்சி விசை இல்லை, மின்னூட்டம் இல்லை, வடிவத்தில் கோணல் இல்லை. இத்தனை வறிய மாதிரிக்குக்கூட, அடர்த்தியைக் கொடுத்தால் அழுத்தத்தைத் துல்லியமாகத் தந்துவிடும் சமன்பாடு இன்றுவரை எவராலும் முப்பரிமாணத்தில் வருவிக்கப்படவில்லை. நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது 1969-இல் நார்மன் கார்னஹன், கென்னத் ஸ்டார்லிங் என்ற இருவர் வெளியிட்ட ஒரு ஊகத்தை. அந்த ஊகம் எதனால் இவ்வளவு நன்றாகப் பலிக்கிறது, கலவைகளுக்கு நீட்டும்போது அதன் தையல் எங்கே பிரிகிறது என்பவை என்னை நெடுங்காலமாக ஈர்த்துவரும் கேள்விகள்.

முதலில் குறியீடுகளைச் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கன அளவில் கோளங்கள் உண்மையில் அடைத்துக்கொண்டிருக்கும் பங்கைப் பொதிவு விகிதம் என்போம். அதை ப என்று குறிக்கிறேன். உண்மையான அழுத்தத்தை, அதே அடர்த்தியிலும் வெப்பநிலையிலும் ஒரு நல்லியல்பு வாயு தந்திருக்கக்கூடிய அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது அமுக்கத்தன்மைக் காரணி, அதற்கு அ. கடினக் கோளங்களின் சிறப்பு, அ என்பது ப-வை மட்டுமே சார்ந்திருப்பது. கோளங்களுக்கிடையே உள்ள ஆற்றல் ஒன்று சுழி, அல்லது முடிவிலி. இடைப்பட்ட மதிப்பே கிடையாது. ஆகவே வெப்பநிலை உயர்ந்தால் கோளங்கள் வேகமாக ஓடும், அழுத்தம் அதே விகிதத்தில் கூடும், ஆனால் அவற்றின் அமைவுகளில் எந்த மாற்றமும் நேராது. வெப்ப இயக்கவியல் முழுவதும், எத்தனை வழிகளில் இந்தக் கோளங்களை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்கலாம் என்ற எண்ணிக்கைக் கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. வடிவியலும், அந்த எண்ணிக்கையின் அளவான என்ட்ரோபியும் மட்டுமே மிஞ்சுகின்றன.

இந்தக் கணக்கின் முதல் விடை வான் டெர் வால்ஸ் 1873-இல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் இருக்கிறது. ஒரு கோளத்தின் மையம் மற்றொன்றின் மையத்திலிருந்து ஒரு விட்டத் தொலைவுக்குள் வர முடியாது. அவ்வாறு தடைசெய்யப்பட்ட பகுதியின் கன அளவு கோளத்தின் கன அளவைப்போல் எட்டு மடங்கு. அது இரண்டு கோளங்களுக்கும் பொதுவானது என்பதால் ஒரு கோளத்துக்கு நான்கு மடங்கு. எனவே கொள்கலத்தின் கன அளவிலிருந்து கோளங்களின் கன அளவைப்போல் நான்கு மடங்கைக் கழித்துவிட்டால் போதும் என்பது அவருடைய வழி. அதன்படி அ = 1 / (1 − 4ப). அடர்த்தி மிகக் குறைவாக இருக்கும்வரை இது சரி. ஆனால் ப 0.25-ஐ எட்டும்போது இந்தச் சமன்பாட்டில் அழுத்தம் முடிவிலியாகிவிடுகிறது. உண்மையில் கோளங்கள் அந்த அடர்த்தியில் இன்னும் தாராளமாக நகர்ந்துகொண்டிருக்கும். மூன்று கோளங்கள் அருகருகே வரும்போது அவற்றின் தடைசெய்யப்பட்ட பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஏற்கெனவே கழித்த இடத்தையே மறுபடியும் கழிக்கிறோம். பிழை முழுவதும் இந்த இரட்டைக் கழித்தலில் இருக்கிறது.

ஒரு கோட்டின்மேல் நகரும் கோல்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 1936-இல் லூயி டாங்ஸ் காட்டியதுபோல் அங்கே அ = 1 / (1 − ப) என்பது முற்றிலும் துல்லியமானது. கோல்கள் வெவ்வேறு நீளமுள்ளவையாக இருந்தாலும் சமன்பாடு மாறுவதில்லை. மொத்த நீளத்தில் அடைபட்ட பங்கு எவ்வளவு என்பது மட்டுமே கணக்கு. கலவைகளைப் பற்றிப் பேசும்போது இந்த முடிவு மீண்டும் தேவைப்படும்.

முப்பரிமாணத்தில் முறையான வழி, அ-வை ப-வின் அடுக்குகளாக விரிப்பது. விரியல் விரிவு என்று அதற்குப் பெயர். முதல் திருத்தம் இரண்டு கோளங்களின் மோதலிலிருந்து வருகிறது, அடுத்தது மூன்று கோளங்களிலிருந்து, அதற்கடுத்தது நான்கிலிருந்து என்று ஒழுங்காகப் போகும். அ = 1 + 4ப + 10ப² + 18.365ப³ + 28.22ப⁴ + 39.82ப⁵ + 53.3ப⁶ + … என்பது இன்று நாம் அறிந்த தொடர். இதில் 18.365 வரைதான் கையால் துல்லியமாகக் கணிக்க முடிந்தது. அந்த நான்காம் விரியல் குணகத்தை 1899-இலேயே போல்ட்ஸ்மான் எட்டிவிட்டார். ஐந்தாவது குணகத்துக்கு மூடிய வடிவிலான விடை இன்றும் கிடையாது. 1954-இல் அது முதன்முதலாகக் கணினியில், தற்செயல் எண்களைக்கொண்டு தொகையீடு செய்யும் மாண்டே கார்லோ முறையால் மதிப்பிடப்பட்டது.

குணகம் உயர உயர உழைப்பு எப்படி ஏறுகிறது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ஒவ்வொரு குணகமும் பல வரைபடங்களின் கூட்டல். ஒவ்வொரு வரைபடமும் ஒரு பல்பரிமாணத் தொகையீடு. நான்காவதற்கு வேறுபட்ட வரைபடங்கள் 3, ஐந்தாவதற்கு 10, ஆறாவதற்கு 56, ஏழாவதற்கு 468, எட்டாவதற்கு 7,123, பத்தாவதற்கு 97 லட்சத்துக்கும் மேல். அவற்றில் நேர்க்குறி உள்ளவையும் எதிர்க்குறி உள்ளவையும் பெருமளவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிஞ்சும் சிறு வேறுபாடுதான் குணகம். ஒன்பதாவதையும் பத்தாவதையும் கிளிஸ்பியும் மெக்காயும் 2006-இல் வெளியிட்டார்கள்; அதன்பின் பன்னிரண்டு வரை போயிருக்கிறார்கள். இதுவரை கிடைத்தவை எல்லாம் நேர்க்குறி உள்ளவை. ஆனால் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்களில் நான்காவது குணகமே எதிர்க்குறி ஆகிவிடுவது தெரிந்ததால், முப்பரிமாணத்திலும் எங்கோ ஓரிடத்தில் குறி மாறாது என்று எவராலும் உறுதி கூற முடியவில்லை. தொடர் எந்த அடர்த்திவரை குவிகிறது என்பதும் அறியப்படாத ஒன்று.

தொடரைத் துண்டு துண்டாகக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒரு கோளத்தைச் சுற்றி மற்றவை எப்படிப் பரவியிருக்கின்றன என்ற பரவல் சார்பையே நேரடியாகத் தேடுவது இன்னொரு பாதை. பெர்கஸும் யெவிக்கும் 1958-இல் அதற்கு ஒரு தோராயச் சமன்பாடு தந்தார்கள். கடினக் கோளங்களுக்கு அதைத் துல்லியமாகத் தீர்க்க முடியும் என்று 1963-இல் வெர்த்தைமும் தீலும் தனித்தனியாகக் காட்டினார்கள். பரவல் சார்பு கிடைத்துவிட்டால் அழுத்தத்தைக் கணிக்க இரண்டு வழிகள் உண்டு. தொட்டுக்கொண்டிருக்கும் கோளங்களின் செறிவிலிருந்து மோதல்களை எண்ணி நேரடியாக அழுத்தத்தைப் பெறுவது ஒன்று. அடர்த்தியின் ஏற்ற இறக்கங்களிலிருந்து அமுங்குதன்மையைக் கண்டு, அதைத் தொகையிட்டு அழுத்தத்துக்கு வருவது மற்றது. கோட்பாடு துல்லியமாக இருந்தால் இரண்டும் ஒரே விடையைத் தரவேண்டும். பெர்கஸ்–யெவிக் தோராயத்தில் தருவதில்லை. முதல் வழி (1 + 2ப + 3ப²) / (1 − ப)² என்றும், இரண்டாவது வழி (1 + ப + ப²) / (1 − ப)³ என்றும் சொல்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது சமன்பாடு 1959-இலேயே ரைஸ், ஃப்ரிஷ், லெபோவிட்ஸ் ஆகியோருக்கு முற்றிலும் வேறொரு வாதத்தில், பாய்மத்துக்குள் ஒரு வெற்றுக் குழியை உருவாக்கத் தேவையான வேலையைக் கணக்கிட்ட வகையில், கிடைத்திருந்தது. முதலாவது உண்மைக்குக் கீழே நிற்கிறது, இரண்டாவது மேலே.

கார்னஹனும் ஸ்டார்லிங்கும் செய்ததற்கு இந்தக் கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. விரியல் குணகங்களை வரிசையாக எழுதி, அவற்றை அருகிலுள்ள முழு எண்களாக மாற்றிப் பார்த்தார்கள்: 4, 10, 18, 28, 40. இவை ந² + 3ந என்ற எளிய விதிக்குள் அடங்குகின்றன. ந-வுக்கு 1, 2, 3 என்று வரிசையாக மதிப்பிட்டுப் பார்த்தால் தெரியும். இந்த விதி முடிவிலிவரை செல்லும் என்று வைத்துக்கொண்டு தொடரைக் கூட்டினால் ஒரே வரியில் விடை வருகிறது:

அ = (1 + ப + ப² − ப³) / (1 − ப)³

இதே சமன்பாட்டை வேறு வகையிலும் பெறலாம். பெர்கஸ்–யெவிக்கின் இரண்டு விடைகளில் அமுங்குதன்மை வழியின் விடைக்கு மூன்றில் இரண்டு பங்கும், மோதல் வழியின் விடைக்கு மூன்றில் ஒரு பங்கும் எடைகொடுத்துக் கூட்டினால் இதுவேதான் கிடைக்கும். உண்மைக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு விடைகள் இருக்கும்போது இடையில் எங்கோ உண்மை இருக்கும் என்பது சரி. மிகச் சரியாக அந்த எடைகள் ஏன் என்பதற்கு அடிப்படைக் கோட்பாட்டிலிருந்து வரும் காரணம் எதுவும் இல்லை. ப = 0.494 என்ற அடர்த்தியில், பாய்மம் உறையத் தொடங்கும் வாசலில், மோதல் வழி 10.6 என்றும் அமுங்குதன்மை வழி 13.4 என்றும் சொல்ல, கார்னஹன்–ஸ்டார்லிங் 12.5 என்கிறது. கணினி உருவகப்படுத்தல்கள் தரும் மதிப்பும் அதுதான்.

இவ்வளவு ஒத்துப்போவதை நான் கொஞ்சம் சந்தேகத்துடனேயே பார்க்கிறேன். குணகங்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் சந்தேகத்துக்குக் காரணம் புலப்படும். உண்மை மதிப்பு 18.365 இருக்குமிடத்தில் ஊகம் 18; 28.22 இருக்குமிடத்தில் 28. இந்த இரண்டிலும் ஊகம் குறைவு. அடுத்து 39.82-க்கு 40, 53.3-க்கு 54, 68.5-க்கு 70, 85.8-க்கு 88, இங்கெல்லாம் ஊகம் கூடுதல். முன்னே விட்ட குறையைப் பின்னே வரும் மிகுதி ஈடுசெய்கிறது. பாய்மம் நிலைபெற்றிருக்கும் அடர்த்திகள் முழுவதிலும் கூட்டுத்தொகை உண்மைக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. முதல் இரண்டைத் தவிர எந்தக் குணகத்தையும் துல்லியமாகச் சொல்லாத சமன்பாடு அவற்றின் கூட்டலைத் துல்லியமாகச் சொல்கிறது என்பதால், இதைக்கொண்டு குணகங்களைக் கணிக்க முற்படுவது பொருளற்றது. குணகங்களுக்கு இன்னும் நெருக்கமான கொலாஃபாவின் சமன்பாடு போன்றவை பின்னர் வந்தன. வித்தியாசம் பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சிய துல்லியத்தில்தான் தெரியும் என்பதால், பழைய சமன்பாட்டின் எளிமையை எவரும் விட்டுவிடவில்லை.

சமன்பாட்டில் வகுக்கும் பகுதி சுழியாவது ப = 1 ஆகும்போது; அதாவது இடைவெளியே இல்லாமல் கோளங்கள் வெளியை முழுக்க நிரப்பும்போதுதான் அழுத்தம் முடிவிலியாகும் என்கிறது. கோளங்களால் அது முடியாது. எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் 0.7405-க்கு மேல் போகாது என்று 1611-இல் கெப்ளர் ஊகித்ததைத் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் நிறுவினார். ஒழுங்கில்லாமல் குலுக்கி அடைத்தால் ஏறத்தாழ 0.64-இலேயே அடைப்பு நின்றுவிடும். இந்த இரண்டு எல்லைகளைப் பற்றியும் கார்னஹன்–ஸ்டார்லிங்குக்கு ஒன்றும் தெரியாது. 0.494-இல் ஏதாவது நிகழ்கிறதா என்று கேட்டால் அது சலனமின்றிக் கடந்துபோகும்.

அங்கே நிகழ்வதோ பெரிய விஷயம். 1957-இல் லிவர்மோர் ஆய்வகத்தில் ஆல்டரும் வெய்ன்ரைட்டும் கோளங்களின் இயக்கத்தைக் கணினியில் பின்தொடர்ந்தார்கள். அதே ஆண்டில் லாஸ் அலமாஸில் உட்டும் ஜேக்கப்சனும் மாண்டே கார்லோ முறையில் அதே பொருளை ஆராய்ந்தார்கள். சில நூறுக்கும் குறைவான கோளங்களே அவர்களிடம் இருந்தன. ஆனாலும் அழுத்தம் இரண்டு தனித்தனிக் கிளைகளில் விழுவதைக் கண்டார்கள். கவர்ச்சி விசையே இல்லாத கோளங்கள் படிகமாக உறைகின்றன என்பதை அப்போது பலர் நம்ப மறுத்தார்கள். உறைதலுக்கு ஆற்றல் இலாபம் வேண்டும் என்பதே பழகிய எண்ணம். 1968-இல் ஹூவரும் ரீயும் இரு நிலைகளின் கட்டிலா ஆற்றலையும் (எதற்கு அது குறைவோ அந்த நிலையே நிலைக்கும்) ஒப்பிட்டு, 0.494 பொதிவுள்ள பாய்மமும் 0.545 பொதிவுள்ள படிகமும் சமநிலையில் இருக்கும் என்று காட்டினார்கள். நெருக்கடி மிகும்போது ஒழுங்கான இருக்கைகளில் அமர்ந்தால் ஒவ்வொரு கோளத்துக்கும் அசைய அதிக இடம் கிடைக்கிறது. ஒழுங்கால் இழக்கும் என்ட்ரோபியைவிட அசைவால் பெறும் என்ட்ரோபி கூடுதல். ஆகவே பாய்மத்துக்கு ஒரு சமன்பாடு, படிகத்துக்கு வேறொன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு, எது எங்கே செல்லும் என்பதைக் கட்டிலா ஆற்றலிடம் விட்டுவிடுவதே நடைமுறை. 0.494-க்கு மேலும் பாய்மச் சமன்பாட்டைப் பயன்படுத்தலாம், அது உறைய மறந்த பாய்மத்தைப் பற்றியது என்ற நினைவு இருந்தால்.

இனி கலவைகள். வெவ்வேறு விட்டமுள்ள கோளங்கள் கலந்திருக்கும்போது கோட்டின்மேல் ஓடும் கோல்களுக்குப் போதுவதுபோல் மொத்தப் பொதிவு விகிதம் மட்டும் இங்கே போதாது. லெபோவிட்ஸ் 1964-இல் பெர்கஸ்–யெவிக் சமன்பாட்டைக் கலவைகளுக்கும் துல்லியமாகத் தீர்த்தார். அந்த விடையில் வரும் அளவுகள் நான்கு மட்டுமே: அலகுக் கன அளவில் உள்ள கோளங்களின் எண்ணிக்கை, அவற்றின் விட்டங்களின் கூட்டல், விட்ட வர்க்கங்களின் கூட்டல், விட்டக் கனங்களின் கூட்டல். மூன்றாவது மேற்பரப்பையும் நான்காவது பொதிவு விகிதத்தையும் குறிக்கின்றன. எத்தனை வகைக் கோளங்கள் இருந்தாலும், தொடர்ச்சியாக மாறும் விட்டங்கள் இருந்தாலும், இந்த நான்கு எண்களே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. ஒரு பொருளின் கன அளவு, மேற்பரப்பு, சராசரி வளைவு, எண்ணிக்கை என்று வடிவியலில் அடிப்படையாகக் கருதப்படும் நான்கு அளவைகளோடு இவை பொருந்துவது தற்செயல் அல்ல. ரோசன்ஃபெல்ட் 1989-இல் சீரற்ற பாய்மங்களுக்கான அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டை இந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டினார். இந்தப் பகுதி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுவே.

லெபோவிட்ஸின் இரு விடைகளுக்கும் அதே மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று எடைகளைக் கொடுத்தால் கலவைகளுக்கான கார்னஹன்–ஸ்டார்லிங் கிடைக்கிறது. 1970-இல் பௌப்லிக்கும், 1971-இல் மன்சூரி, கார்னஹன், ஸ்டார்லிங், லீலண்ட் ஆகிய நால்வரும் அதை வெளியிட்டார்கள். ஐவரின் பெயர்களையும் சேர்த்தே வழங்குகிறோம். பயனைக் காட்ட ஒரு கணக்கு: மொத்தப் பொதிவு 0.4 என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் கோளங்களும் ஒரே அளவாக இருந்தால் அ = 6.93. கன அளவில் பாதி ஒரு விட்டத்திலும், மறுபாதி அதன் இருமடங்கு விட்டத்திலும் இருந்தால் 5.89. மும்மடங்கு விட்டமானால் 5.15. நிரம்பிய இடம் ஒன்றே. ஆனால் சிறியவை பெரியவற்றின் இடுக்குகளைப் பயன்படுத்திக்கொள்வதாலும், ஒரே கன அளவுக்குப் பெரிய கோளங்களின் மேற்பரப்பு குறைவு என்பதாலும், ஒரு துகளுக்கு நேரும் நெரிசல் தணிகிறது. கலவையை ஒரே சராசரி விட்டமுள்ள தூய பாய்மமாகக் கருதிவிடும் குறுக்குவழி, விட்டங்கள் நெருக்கமாக இருந்தால் ஒழிய இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடிக்காது.

இந்தச் சமன்பாட்டின்படி எந்தக் கடினக் கோளக் கலவையும் இரண்டு பாய்மங்களாகப் பிரியாது. 1964-இல் லெபோவிட்ஸும் ரோலின்சனும் பெர்கஸ்–யெவிக் விடையைக்கொண்டு இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அதுவே முடிந்த முடிவாக இருந்தது. 1991-இல் பிபெனும் ஹான்சனும், விட்டங்களின் விகிதம் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனால் பிரிவு நிகழலாம் என்று வேறொரு தோராயத்தின் துணையோடு வாதிட்டார்கள். வாதத்தின் வேர் அசகூராவும் ஊசவாவும் 1954-இல் சொன்ன கருத்தில் இருக்கிறது: ஒவ்வொரு பெரிய கோளத்தையும் சுற்றிச் சிறியவற்றின் மையங்கள் நுழைய முடியாத ஓர் உறை உண்டு, இரண்டு பெரிய கோளங்கள் நெருங்கும்போது அவற்றின் உறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிய, சிறியவற்றுக்கு அந்த அளவுக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. விளைவாக, எந்தக் கவர்ச்சி விசையும் இல்லாமலே பெரியவை ஒன்றையொன்று ஈர்ப்பதுபோல் நடந்துகொள்கின்றன. டைக்ஸ்ட்ரா, வான் ராய், எவன்ஸ் ஆகியோர் 1999-இல் செய்த உருவகப்படுத்தல்கள் இந்த வழக்கைப் பெருமளவு தீர்த்துவைத்தன: பாய்மம்–பாய்மம் பிரிவு கணக்கில் உண்டு, ஆனால் அதற்கு முன்பே பெரிய கோளங்கள் படிகமாகி ஒதுங்கிவிடுவதால் அது நிலையான சமநிலை ஆவதில்லை. இரு தரப்பும் ஓரளவு சரியாக இருந்த அரிதான வழக்குகளில் இது ஒன்று.

தாளில் மட்டும் வாழும் மாதிரி இது என்று எண்ண வேண்டாம். பாலிமர் உறையிட்ட நுண் பிளாஸ்டிக் கோளங்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, பியூசியும் வான் மேகனும் 1986-இல் பாய்மம், படிகம், கண்ணாடி ஆகிய மூன்று நிலைகளையும் கண்ணாரக் காட்டினார்கள்; கண்ணாடி நிலை ஏறத்தாழ 0.58-இல் தொடங்கியது. பிறகு பியாட்சா, பெல்லினி, டிஜோர்ஜியோ 1993-இல் ஒரு நேர்த்தியான வழியைக் கையாண்டார்கள். ஈர்ப்பின்கீழ் படிந்து சமநிலையடைந்த கூழ்மத்தில், எந்த உயரத்திலும் உள்ள அழுத்தம் என்பது அதற்கு மேலே மிதக்கும் துகள்களின் நிகர எடை. ஆகவே உயரத்தோடு அடர்த்தி எப்படி மாறுகிறது என்று ஒரே ஒரு குழாயில் அளந்துவிட்டால், நிலைச் சமன்பாடு முழுவதும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிடும். அவர்கள் அளந்த வளைகோடு கார்னஹன்–ஸ்டார்லிங்கோடு நன்றாகப் பொருந்தியது.

வேதிப்பொறியியலில் இதன் இடம் தனி. பார்க்கர்–ஹெண்டர்சன் முறை 1967-இலும், வீக்ஸ்–சாண்ட்லர்–ஆண்டர்சன் முறை 1971-இலும் நிலைபெற்ற பிறகு, உண்மையான திரவத்தைக் கடினக் கோளப் பாய்மமாகத் தொடங்கி, கவர்ச்சியைச் சிறு திருத்தமாகச் சேர்ப்பது வழக்கமாயிற்று. சங்கிலி மூலக்கூறுகளுக்காக 1980-களின் இறுதியில் உருவான சாஃப்ட் குடும்பத்துச் சமன்பாடுகளின் அடித்தளத்தில் கலவைகளுக்கான கார்னஹன்–ஸ்டார்லிங் இருக்கிறது. கன அளவில் முப்படியான பெங்–ராபின்சன் போன்ற சமன்பாடுகளோ இன்றும் வான் டெர் வால்ஸின் பழைய விலக்க உறுப்பையே, அதாவது 1 / (1 − 4ப) என்ற வடிவையே, வைத்துக்கொண்டிருக்கின்றன. அவை வேலை செய்கின்றன, விலக்க உறுப்பின் பிழையைக் கவர்ச்சி உறுப்பின் பிழை விழுங்குவதால். சோதித்த எல்லைக்குள் இதில் குற்றம் இல்லை, அதற்கு வெளியே நான் அவற்றை நம்பமாட்டேன்.

கலவைச் சமன்பாட்டுக்கும் இதே கடுமையைக் காட்டவேண்டும். சிறிய கோளங்களின் கடலில் ஒரே ஒரு பெரிய கோளம் இருப்பதாகக் கொண்டு, அதன் விட்டத்தை முடிவிலிவரை வளரவிட்டால் அது தட்டையான சுவராகிவிடும். கடினச் சுவரைத் தொட்டு நிற்கும் சிறு கோளங்களின் அடர்த்தி, அந்தக் கடலின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது தோராயம் எதுவும் கலவாத தேற்றம். சுவரில் செறிவு உயரும் மடங்கும் அ-வும் ஒன்றாக இருக்கவேண்டும். ஐவர் சமன்பாட்டோடு இணைந்துவரும், தொட்டு நிற்கும் கோளங்களின் செறிவைத் தரும் தொடுகைச் சார்பை இந்த எல்லைக்குக் கொண்டுசென்றால் (1 + ப) / (1 − ப)³ என்று வருகிறது. கடலின் அழுத்தத்துக்கு அதே கோட்பாடு சொல்வது (1 + ப + ப² − ப³) / (1 − ப)³. பொதிவு 0.4-இல் ஒன்று 6.48, மற்றொன்று 6.93, ஒரே கோட்பாடு தன்னோடு தானே ஆறு விழுக்காட்டுக்கும் மேல் முரண்படுகிறது. பெரிய கோளங்கள் இரண்டு தொட்டுக்கொள்ளும் இடத்தில் விலகல் இதைவிட மோசம். அசகூராவும் ஊசவாவும் சொன்ன ஈர்ப்பு செயல்படும் இடமும் அதுவேதான். சான்டோஸ், யூஸ்டே, லோபஸ் தெ ஆரோ ஆகியோர் 2000-களில் உருவாக்கிய தொடுகைச் சார்புகள் சுவர் நிபந்தனையைத் தொடக்கத்திலேயே விதித்து இந்த முரணைக் களைகின்றன. விட்டங்கள் இரண்டு மூன்று மடங்குக்குள் வேறுபடும் கலவைக்கு 1971-இன் சமன்பாடே போதும் என்பது என் நடைமுறை. பத்து மடங்கு வேறுபடும் கூழ்மத்துக்கு அதன் அழுத்தத்தை எடுத்துக்கொள்வேன், தொடுகை மதிப்புகளை எடுத்துக்கொள்ளமாட்டேன்.